பக்கவாதம் எதனால் வந்தது? இரத்தப் பரிசோதனை சொல்லும் காரணம்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் பேசிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றாலே, "ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லத்தான் வந்திருப்பாங்க" என்று சிலர் நினைப்பதுண்டு. குடும்ப நலம் என்பது அது மட்டும் அல்ல. உழைக்கிற கை ஒன்று திடீரென்று விழுந்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். நிலம் அடமானம் போகும். படிக்கிற பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும். ஆகவே இன்று பக்கவாதத்தைப் பற்றிப் பேசுவோம். பேச்சுவழக்கில் "வாதம் அடிச்சிருச்சு", "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்கிறோமே, அந்த நோய்தான் இது.

ஒரு வீட்டில் வாதம் கண்டால் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே காட்டினீங்க?" இரண்டாவது கேள்வி, "என்ன எண்ணெய் தடவறீங்க?" அநேகமாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "எதனால் வந்தது?" என்பதே அது. ஒரு முறை வாதம் வந்தவருக்கு மறுமுறை வராமல் இருப்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது. அந்தப் பதிலில் ஒரு பகுதி நம் இரத்தத்திலேயே இருக்கிறது.

வயல் ஒன்று, காரணம் பல

நீங்கள் விவசாயம் தெரிந்தவர்கள். கடைமடை வயல் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் காய்கிறது? வாய்க்கால் தூர்ந்து போயிருக்கலாம். மேலேயிருந்து ஒரு கட்டை மிதந்து வந்து மதகில் சிக்கியிருக்கலாம். கரை உடைந்து தண்ணீர் வெளியே ஓடியிருக்கலாம். காய்ந்த வயலைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. கரை உடைந்த இடத்தில் போய்த் தூர் வாரினால் உடைப்பு இன்னும் பெரிதாகும், இல்லையா?

மூளையும் அப்படித்தான். மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அடைபட்டாலும் வாதம் வரும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வாதம் வரும். 2019-ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, புதிதாகப் பக்கவாதம் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 62 பேருக்கு அடைப்பினால் வந்தது. மற்றவர்களுக்கு இரத்தக் கசிவினால் வந்தது. வெளியே பார்க்க இரண்டிலும் கை விழும், வாய் கோணும், பேச்சுக் குழறும். கையைப் பிடித்துப் பார்த்தோ, முகத்தைப் பார்த்தோ இது அடைப்பா, கசிவா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தலையை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதல் பரிசோதனை ஸ்கேன். இரத்தப் பரிசோதனை அதற்குத் துணை. அதற்குப் பதில் அல்ல.

முதலில் செய்ய வேண்டியது

காரணம் தேடுவதற்கு முன்னால் உயிரைக் காக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கையைத் தூக்க முடியவில்லையா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு உள்ள சிலருக்குக் குழாய் வழியாகச் சென்று கட்டியை எடுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. ஆனாலும் நேரம் போகப்போகப் பலன் குறையும். பெரிய குழாய் அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். "காலையில பஸ் வரட்டும், போகலாம்" என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டி வரும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா வேண்டாம், கஷாயம் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். புறா இரத்தம் பூசுவதும், பச்சிலை கட்டுவதும் மூளையில் உள்ள அடைப்பை நீக்காது. அதற்கென்று அலைவதில் அந்த நாலரை மணி நேரம் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். இது எதற்கு? சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர் சாப்பிடாமல் இருந்துவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். அப்போது வாதம் போலவே கை விழும், பேச்சுக் குழறும். குளுகோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாதமா, சர்க்கரை இறக்கமா என்பதை அந்த ஒரு சொட்டு இரத்தம் சொல்லிவிடும். இரத்தம் காரணத்தைச் சொல்லும் என்பதற்கு இதுவே எளிய உதாரணம்.

அடைப்புக்கு ஐந்து வகைக் காரணம்

அடைப்பினால் வரும் வாதத்தை டாக்டர்கள் காரணத்தை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறார்கள். 1993-ஆம் ஆண்டு வகுத்த இந்தப் பிரிவு இன்றும் பயன்படுகிறது. ஒன்று, கழுத்திலும் மூளையிலும் உள்ள பெரிய குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பது. அது தூர்ந்த வாய்க்கால். இரண்டு, இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி மிதந்து வந்து மூளைக் குழாயில் சிக்குவது. அது மதகில் சிக்கிய கட்டை. மூன்று, மூளைக்குள் உள்ள மெல்லிய கிளைக் குழாய்கள் கெட்டு அடைபடுவது. இதற்குப் பெரும்பாலும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையுமே காரணம். நான்கு, இரத்தமே சுலபத்தில் உறைவது, குழாய்ச் சுவரில் அழற்சி ஏற்படுவது போன்ற வேறு காரணங்கள். ஐந்து, தேடிப் பார்த்தும் காரணம் அகப்படாதது. அடைப்பு வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்த ஐந்தாவது வகையில் வருகிறார்கள்.

இப்போது ஒவ்வொன்றாக, இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்ப்போம்.

சர்க்கரையும் கொழுப்பும்

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் அது சர்க்கரை வியாதியைக் காட்டும். பொதுவாக இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். "நேத்து ராத்திரி பட்டினி கிடந்துட்டு வந்தேன், சர்க்கரை சரியாத்தான் இருக்கு" என்று சிலர் தப்பித்துக்கொள்வார்கள். எச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனையிடம் அது நடக்காது. கடந்த மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை வியாதி உண்டு.

கொழுப்பில் எல்.டி.எல். என்று ஒரு வகை உண்டு. குழாயைத் தூர்ந்து போகச் செய்வது அதுவே. கொழுப்புப் படிந்து வாதம் வந்தவர்கள் எல்.டி.எல். அளவை 70 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டு வந்தால் மறுதாக்குதல் குறைகிறது என்று, பிரான்சிலும் தென் கொரியாவிலும் நடந்து 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. "கொழுப்பு மாத்திரை எதுக்கு, நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்று நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் உள்ள கொழுப்பு உடம்பின் பருமனை வைத்துத் தெரியாது.

இரத்தக் கொதிப்பை இரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை, கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் எல்லாக் காரணங்களிலும் பெரிய காரணம் அதுதான். 32 நாடுகளில் நடந்து 2016-ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வில், வாதம் வருவதற்கான ஆபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களில் அடங்கியது. இரத்தக் கொதிப்பு, புகை, சர்க்கரை, கொழுப்பு, குடி, உடலுழைப்பு இல்லாமை ஆகியவை அவற்றில் சேர்ந்தவை. அந்தப் பட்டியலில் முதலிடம் இரத்தக் கொதிப்புக்கே.

இதயத்திலிருந்து வரும் கட்டி

சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வலியும் வந்து, அதன் பின்விளைவாக இதய வால்வு கெட்டுப் போவது நம் நாட்டில் இன்னும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு இதயம் தாளம் தவறித் துடிக்கத் தொடங்கினால், உள்ளே இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் இளவயதிலேயே வாதம் வரும். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது" என்று மனைவி சொன்னால், வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

இதயச் சுவர் இழுபட்டுச் சிரமப்படும்போது பி.என்.பி. என்ற வகைப் பொருளை இரத்தத்தில் விடும். வாதம் வந்தவரின் இரத்தத்தில் அது மிக அதிகமாக இருந்தால், காரணம் இதயத்தில் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிப்பார். இதயத் தசைக்குக் காயம் பட்டிருந்தால் டிரோபோனின் என்ற பொருள் கூடும். உறைந்த கட்டி கரையும்போது அதன் துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கும். அவற்றை அளப்பது டி-டைமர் பரிசோதனை. இவை எல்லாம் வழிகாட்டும் கைகாட்டி மரம் போல. அவை காட்டும் திசையில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்த்துத்தான் காரணத்தை உறுதி செய்வார்கள்.

இரத்தமே காரணமானால்

இரத்தத்தில் அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் இரத்தம் கெட்டியாகி அடைக்கும். மாறாக, இரும்புச் சத்து குறைந்த சோகையிலும் கட்டி உறையும் ஆபத்து கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் சாதாரண இரத்த அணுக் கணக்கே காட்டிவிடும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பரணில் போட்டு வைக்காதீர்கள்.

ஹோமோசிஸ்டீன் என்று இன்னொரு பொருள் உண்டு. வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் இவை குறைந்தால் இது இரத்தத்தில் உயரும். இரத்தம் உறைவதற்கு இதுவும் துணை போகும். பாலும் முட்டையும் மீனும் பி12 தரும். கீரையும் பயறும் ஃபோலிக் அமிலம் தரும்.

வி.டி.ஆர்.எல். என்ற பரிசோதனையைப் பற்றியும் வெட்கமில்லாமல் சொல்ல வேண்டும். மேகப்புண் நோய் கிருமி மூளைக் குழாயைத் தாக்கி வாதம் வரச் செய்யும். பெனிசிலின் ஊசியால் அந்தக் கிருமியை ஒழிக்கலாம். பரிசோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்தால் கணவன், மனைவி இருவருமே பரிசோதனையும் சிகிச்சையும் பெற வேண்டும். யாரால் வந்தது என்று சண்டை போடுவதில் ஒரு பயனும் இல்லை.

அடிக்கடி கரு கலைகிற தாய்

இப்போது சொல்லப் போவதைக் கணவன்மார்களும் மாமியார்களும் கவனமாகக் கேட்க வேண்டும்.

சில பெண்களுக்கு இரண்டு, மூன்று முறை கரு கலைந்திருக்கும். "ராசியில்லாதவ", "வயிறு தங்கலை" என்று ஊர் பேசும். அந்தப் பெண்ணுக்கே முப்பது வயதில் வாதமும் வரும். இரண்டு துன்பமும் தனித்தனி விதி என்று நினைக்கிறோம். சில பேரிடம் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, இரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கிவிடுகிறது. அந்தக் கட்டி நஞ்சுக்கொடியில் உறைந்தால் கரு கலையும். மூளையில் உறைந்தால் வாதம் வரும்.

இதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஒரு முறை பார்த்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். "ஒரு தடவைதான் பாத்தாச்சே" என்று இரண்டாவது முறைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். காரணம் இதுதான் என்று உறுதியானால், அடுத்த கர்ப்பத்தின்போது ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் டாக்டர் மேற்பார்வையில் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதற்கு முன் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். குறை அவளுடைய ராசியில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. அதற்கு மருந்தும் இருக்கிறது.

பிள்ளை பெற்ற வீட்டில்

மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் வாய்க்கால் என்றால், திரும்பக் கொண்டு வரும் குழாய் வடிகால். வடிகால் அடைத்தாலும் வயல் கெடும். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இந்த வடிகால் அடைப்பு வருவதுண்டு. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் டாக்டர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் மூளை இரத்தக் குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். ஆகவே இது நம் பக்கத்துக்குப் புதிய செய்தி அல்ல.

பேறுகாலத்தில் இரத்தம் இயல்பாகவே சற்றுச் சுலபமாக உறையும். பிரசவத்தில் போகும் இரத்தத்தை நிறுத்த இயற்கை செய்த ஏற்பாடு அது. அந்தச் சமயத்தில், "பச்சை உடம்பு, தண்ணி கொடுக்காதே, வயிறு பெருத்துடும்" என்று தாகத்தோடு வைத்தால் உடம்பு வறண்டு இரத்தம் இன்னும் கெட்டியாகும். சோகையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். பிள்ளை பெற்றவளுக்குத் தாகம் தீரும் மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள். பால் கொடுக்கிற தாய்க்குத் தாகம் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அவளை எழுந்து மெல்ல நடமாட விடுங்கள்.

பிரசவமான சில வாரங்களுக்குள் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல், கை கால் பலவீனம், எழுப்ப முடியாத மயக்கம் இவற்றில் ஏதாவது வந்தால், "காத்து கருப்பு பட்டுருச்சு" என்று மந்திரிக்கப் போகாதீர்கள். உடனே 108. இரத்தக் கொதிப்பு ஏறி வரும் பேறுகால வலிப்பாகவும் இருக்கலாம், மூளை வடிகால் அடைப்பாகவும் இருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. டி-டைமர் பரிசோதனை பிள்ளை பெற்றவர்களுக்கு இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஆகையால் அதை மட்டும் நம்பாமல், ஸ்கேனில் வடிகால் குழாய்களைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

கருத்தடை மாத்திரையும் வாதமும்

குடும்ப நலத் துறை தரும் மாலா-என் மாத்திரை ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் அதில் ஈஸ்ட்ரோஜன் சத்து இருக்கிறது. அது இரத்தம் உறைவதைச் சற்றுக் கூட்டும். ஆகவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், முன்பு வாதமோ இரத்தக் கட்டியோ வந்தவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், மேலே சொன்ன எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகை பிடிப்பவர்கள் ஆகியோர் அதைச் சாப்பிடக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் முதல் ஆறு மாதத்துக்குச் சாப்பிடக் கூடாது. மாத்திரை தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு வந்த நோயை மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை ஆகாது என்றால் வழியே இல்லை என்று பயப்பட வேண்டாம். காப்பர்-டி வளையத்தில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. ஆணுறை இருக்கிறது. குடும்பம் போதும் என்றால், கத்தியில்லாத வாசக்டமி முறையில் கணவரே செய்துகொள்ளலாம். வாதம் வந்து எழுந்த மனைவியை மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைப்பதைவிட, சில நிமிடச் சிகிச்சையைக் கணவர் ஏற்றுக்கொள்வது நல்லது அல்லவா?

"ரத்தத்தை எல்லாம் உறிஞ்சுறாங்க!"

இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறோம். ஒரு குழாயில் எடுப்பது ஒரு தேக்கரண்டிக்குள்தான். நாலைந்து குழாய் எடுத்தாலும் நாலைந்து தேக்கரண்டியைத் தாண்டாது. வளர்ந்த ஆள் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. எடுத்த அளவை உடம்பு தானே சீக்கிரம் ஈடு செய்துகொள்ளும்.

எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் வேண்டியதில்லை. அறுபது வயதில் நீண்ட நாள் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவருக்கு வாதம் வந்தால், அபூர்வமான காரணங்களைத் தேடிக் கடன் வாங்க வேண்டாம். முப்பது வயதுக்காரருக்கோ, கொதிப்பும் சர்க்கரையும் இல்லாதவருக்கோ, கரு கலைந்த பெண்ணுக்கோ வந்தால் ஆழமாகத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்பதை டாக்டர் முடிவு செய்வார். நீங்களாக ஆய்வுக்கூடத்துக்குப் போய், "எல்லா டெஸ்ட்டும் எடுங்க" என்று சொல்லாதீர்கள்.

ஒரு துளி இரத்தத்தை வைத்தே இது அடைப்பா, கசிவா என்று ஆம்புலன்சிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று உலகில் பல இடங்களில் ஆராய்ந்து வருகிறார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்தால் ஜி.எஃப்.ஏ.பி. என்ற மூளைப் புரதம் இரத்தத்தில் சீக்கிரம் உயர்கிறது. அதை அளந்து பார்ப்பதில் நம்பிக்கை பிறந்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு ஸ்கேன் பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாது.

காரணம் வேறு, மருந்து வேறு

இவ்வளவு பரிசோதனையும் எதற்கு? மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான். கொழுப்புப் படிந்து அடைத்தவருக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரையும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும். இதயத்திலிருந்து கட்டி வந்தவருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மாத்திரை. இரத்தம் கசிந்தவருக்கு முதல் வேலை கொதிப்பைக் கட்டுப்படுத்துவது. அவர் உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தானாகச் சாப்பிட்டால் கசிவு பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, "பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் வாதம்தான், அவர் மாத்திரையில் குணமாச்சு, எனக்கும் ரெண்டு கொடுங்க" என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். வாதம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றல்ல.

வால்வு கெட்டவர்களுக்கு வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். இந்த மாத்திரை குறைந்தால் கட்டி உறையும், கூடினால் இரத்தம் கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் செய்ய வேண்டும். இதயத் தாளக் கோளாறுக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள், நாள் தள்ளிப் போனால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கருவில் உள்ள குழந்தையை இது பாதிக்கும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் மாற்று ஏற்பாடு செய்வார்.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியவை

1. முப்பது வயதைத் தாண்டிய இருவரும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோக்கமே, இந்த நோய்களுக்கான கவனிப்பு வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்பதுதான். ஊழியர் வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

2. வாதம் வந்தவரின் ஸ்கேன், இரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஓரிடத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிய வேண்டும்.

3. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "அடைப்பா, கசிவா?" "எதனால் வந்தது?" "எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடணும், எப்ப மறுபடி இரத்தம் பார்க்கணும்?" பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

4. காரணம் அகப்படவில்லை என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, புகையையும் குடியையும் விட்டு, சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டு, குறித்த நாளில் போய்க் காட்டுங்கள். சில நேரம் இதயத் தாளக் கோளாறு பல மாதம் கழித்துத்தான் அகப்படும்.

5. "கை கால் சரியாயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கை சரியாகியிருக்கலாம், காரணம் உள்ளேயே இருக்கும். அது இரண்டாம் முறை வரும்போது முதல் முறை போல விட்டுப் போகாது.

தாய்மார்களே, கணவர் குடித்துவிட்டு மாத்திரை சாப்பிடாமல் படுத்தால் நீங்கள் கேட்க வேண்டும். சகோதரர்களே, மனைவி தலைவலி என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டும். ஒருவர் உடம்பை மற்றவர் கவனிப்பதுதான் குடும்பம். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே இருவரும் சேர்ந்து போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.